மூட்டுக்குள் அடிக்கும் மணி

குட்டி விஞ்ஞானியே, வா! இன்று ஒரு மலையில் படி ஏறிக்கொண்டே பேசலாம்.

ஆரணி, போளூர் வட்டாரத்தில் திருமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. லட்டு கிடைக்கும் திருமலை இல்லை, இது வேறு. சமணர்கள் போற்றும் மலை. ராஜராஜ சோழனின் அக்கா குந்தவையின் பெயரில் அங்கே ஒரு ஜினாலயம் உண்டு. பாறையிலேயே செதுக்கிய நேமிநாதர் சிலை 16 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. மலைமேல் உள்ளவற்றைப் பார்க்கப் படி ஏற வேண்டும்.

நீ ஓடியே ஏறிவிடுவாய், தெரியும். கொஞ்சம் நில். ஒரு கணக்குப் போடுவோம்.

உன் எடை 30 கிலோ என்று வைத்துக்கொள். படியில் ஒரு காலை ஊன்றி உடம்பை மேலே தூக்குகிறாய் இல்லையா? அந்த நொடியில் உன் முட்டி மூட்டின் மேல் விழும் அழுத்தம் உன் எடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதாவது சுமார் 90 கிலோ! ஒவ்வொரு படிக்கும் அப்படித்தான். ஆனாலும் உனக்கு வலிக்கவில்லை. ஏன்?

"எலும்பு கெட்டியானது, அதனால்தான்" என்கிறாயா? நல்ல பதில். ஆனால் கெட்டியான இரண்டு பொருள் நேருக்கு நேர் உரசினால் இரண்டுமே தேய்ந்துபோகுமே! அப்படியானால் நடுவில் ஏதோ இருக்க வேண்டும். இருக்கிறது. அதன் பெயர் குருத்தெலும்பு.

உன் காது மடலை மடக்கிப் பார். வளைகிறது, விட்டதும் பழைய இடத்துக்கே வருகிறது. அதுவும் குருத்தெலும்புதான், ஆனால் வேறு ரகம். முட்டிக்குள் இருப்பது வழவழப்பாக, வெள்ளையாக, எலும்பு முனையில் ஒட்டியிருக்கும். பெரியவர்களுக்கே அதன் தடிமன் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். அவ்வளவு மெல்லிசு! அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீரை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது அக்ரிகன் என்ற புரதம். அக்ரிகனைச் சுற்றிக் கட்டிக் காப்பது கொலாஜன் என்ற புரத நூல். ஆரணியில் தறியில் ஏறும் பட்டு நூலும் புரதம்தான் என்பது உனக்குத் தெரியும், பட்டுப்புழு பாடத்தில் படித்திருப்பாய்.

குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. அங்கங்கே தனித்தனியாகச் சில செல்கள் மட்டும் குடியிருக்கின்றன. சாப்பாடு எப்படிக் கிடைக்கும்? நீ கால் ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கி நீர் வெளியே போகிறது. காலைத் தூக்கும்போது மூட்டில் இருக்கும் திரவம் சத்தோடு உள்ளே வருகிறது. நீ ஓடினால் அதற்குச் சாப்பாடு. நாள் முழுக்கத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால் பட்டினி. உன் அம்மா இதைப் படித்தால் சந்தோஷப்படுவார்!

இன்னொரு ஆச்சரியம். 2016ஆம் ஆண்டு டென்மார்க் ஆய்வாளர்கள் பெரியவர்களின் முட்டிக் குருத்தெலும்பில் உள்ள கொலாஜனின் வயதைக் கணக்கிட்டார்கள். எப்படி? 1950களிலும் 60களிலும் உலக நாடுகள் அணுகுண்டு வெடித்துச் சோதனை செய்தன. அதனால் காற்றில் ஒருவகைக் கார்பன் அதிகமானது. அது செடிக்குள் போய், சாப்பாட்டுக்குள் போய், மனிதர் உடம்புக்குள்ளும் வந்தது. அந்தத் தடயத்தை வைத்து, எந்தக் கொலாஜன் எந்தக் காலத்தில் உருவானது என்று கண்டுபிடித்தார்கள். விடை என்ன தெரியுமா? வளர்ந்து முடிந்த பிறகு இந்த நூல் புதிதாக உருவாவது ஏறக்குறைய இல்லவே இல்லை. இப்போது உன் முட்டிக்குள் உருவாகும் கொலாஜன்தான் உனக்கு எழுபது வயதாகும்போதும் உன்னைத் தாங்கப் போகிறது. ஒருமுறை அறுந்தால் அறுந்ததுதான்.

இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் மேலே போகாதே, ஒருமுறை திரும்பப் படி. அவசரமே இல்லை.

இப்போது மலையிலிருந்து இறங்கி ஆரணிப் பக்கம் போவோம். பட்டுத் தறியில் உட்கார்ந்திருப்பவரைக் கவனி. குழித்தறி என்றால் கால் இரண்டும் குழிக்குள் இருக்கும். மிதியை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். கை நாடாவை விட வேண்டும், அச்சை இழுத்து அடிக்க வேண்டும். பாவு இழை அறுந்தால் விரல் நுனியால் முடிச்சுப் போட வேண்டும். முட்டி, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒழுங்காக மடங்கி நிமிர்ந்தால்தான் சேலை நகரும்.

2006ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் பலருக்கு இந்த மூன்றும் மடங்காமல் போயின. சிக்குன்குனியா காய்ச்சல்! வீட்டில் கேட்டுப் பார், யாராவது ஒருவருக்காவது வந்திருக்கும். அது புது வியாதி இல்லை. 1964ஆம் ஆண்டே சென்னையிலும், ஆரணிக்குப் பக்கத்து வேலூரிலும் வந்து போனது. பிறகு பல வருடம் ஆளையே காணோம். 2005 கடைசியில் இந்தியாவுக்குத் திரும்பியது, அடுத்த வருடம் நம் ஊருக்கு வந்தது. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுதான் அதைச் சுமந்து வருகிறது.

காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். ரத்தத்தில் இருந்த வைரஸும் ஏறக்குறைய அதே காலத்தில் மறைந்துவிடும். ஆனால் மூட்டு வலி? சிலருக்கு மாதக்கணக்கில் நீடித்தது. வருடக்கணக்கில் அவதிப்பட்டவர்களும் உண்டு.

இங்கேதான் நீ புருவத்தைச் சுருக்க வேண்டும். வைரஸ் போன பிறகு யார் மூட்டை வலிக்க வைப்பது?

சபாஷ், இந்தக் கேள்வி உனக்குத் தோன்றியிருந்தால் நீ பாதி விஞ்ஞானி. விடையில் ஒரு புதுப் பெயர் வரும்: சைட்டோகைன். பயப்படாதே. இரண்டு முறை உரக்கச் சொன்னால் பழகிவிடும்.

சைட்டோகைன் என்பது ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் செய்தி. அதுவும் ஒரு புரதம்தான், மிகச் சின்னது. செல்லுக்கு வாய் இல்லையே! அதனால் இந்தப் புரதத்தை வெளியே விடுகிறது. பக்கத்துச் செல்லின் மேல் அதை வாங்கிக்கொள்ள ஏற்பி என்ற அமைப்பு இருக்கும். அங்கே போய் ஒட்டியதும் அந்தச் செல் வேலையைத் தொடங்கிவிடும்.

உன் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நீண்ட மணி அடிக்கிறதே, அதை நினைத்துக்கொள். ஒரே மணிதான். ஆனால் அதைக் கேட்டு நீ பையைத் தூக்குகிறாய். ஆசிரியர் வருகைப் பதிவேட்டை மூடுகிறார். காவலாளி கேட்டைத் திறக்கிறார். வெளியே ஐஸ் வண்டிக்காரர் வண்டியைக் கிட்டே தள்ளிக்கொண்டு வருகிறார். மணி யாருக்கும் தனித்தனியாக எதையும் சொல்லவில்லை. கேட்பவர் யாரோ, அதற்கேற்ற வேலை நடக்கிறது. சைட்டோகைனும் அப்படித்தான்.

மூட்டைச் சுற்றி உள்பக்கமாக ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. கிருமி வந்தாலோ அடி பட்டாலோ அந்தச் சவ்வில் உள்ள செல்கள் மணியை அடிக்கின்றன. டி.என்.எஃப். என்று ஒரு மணி, இன்டர்லூக்கின்-1 என்று ஒன்று, இன்டர்லூக்கின்-6 என்று இன்னொன்று. ரத்தக் குழாயின் சுவர் அதைக் கேட்டு இடைவெளி விடுகிறது. வெள்ளை அணுக்களும் நீரும் மூட்டுக்குள் இறங்குகின்றன. அதனால்தான் வீக்கம், சூடு, சிவப்பு, வலி. இதற்கு அழற்சி என்று பெயர். இது நோய் இல்லை செல்லமே, உடம்பு செய்யும் காவல் வேலை. காவல் முடிந்ததும் மணி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, குருத்தெலும்புச் செல்லும் அதே மணியைக் கேட்குமா? கேட்டால் என்ன செய்யும்?

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஸ்ட்ரேஞ்ஜ்வேஸ் என்று ஓர் ஆய்வுக்கூடம். அங்கே ஹானர் ஃபெல் என்று ஒரு பெண் விஞ்ஞானி. 1929 முதல் 1970 வரை அந்தக் கூடத்துக்கு அவர்தான் இயக்குநர். பதவியை விட்ட பிறகும் ஆராய்ச்சியை விடவில்லை. 1977ஆம் ஆண்டு, எழுபத்தேழு வயதில், ஜப் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்.

பன்றிக் காலின் மூட்டிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்தார்கள். ஒன்று குருத்தெலும்பு, இன்னொன்று மூட்டுச் சவ்வு. இரண்டையும் ஒரே கண்ணாடிக் கிண்ணத்தில், ஊட்ட நீரில் வளர்த்தார்கள். கவனி: இரண்டும் ஒன்றை ஒன்று தொடவில்லை. நடுவில் இடைவெளி. நாட்கள் போகப் போக, குருத்தெலும்பு சிதையத் தொடங்கியது!

தொடாமலே எப்படி? சவ்வு ஏதோ ஒரு பொருளை நீரில் விட்டிருக்க வேண்டும். அந்தப் பொருளே குருத்தெலும்பை அரித்திருக்கலாம், இல்லையா? அப்படித்தான் நீயும் நினைப்பாய், நானும் நினைப்பேன். ஃபெல் அதோடு விடவில்லை. இன்னொரு கிண்ணத்தில், செல்களைச் சாகடித்த குருத்தெலும்பை வைத்தார். நூல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, உயிருள்ள செல் மட்டும் இல்லை. அதே சவ்வு, அதே இடைவெளி.

என்ன நடந்திருக்கும்? அடுத்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசி.

ஒன்றும் நடக்கவில்லை. செத்த குருத்தெலும்பு அப்படியே இருந்தது.

இதற்கு என்ன அர்த்தம் சொல் பார்ப்போம். சவ்விலிருந்து வந்த பொருள் அரிக்கும் பொருள் இல்லை. அது வெறும் செய்தி. அதைக் கேட்டு, குருத்தெலும்பில் வாழும் செல்லே தன் வீட்டைத் தானே இடித்திருக்கிறது. செல் உயிரோடு இல்லையென்றால் இடிக்க ஆளில்லை. எவ்வளவு எளிய சோதனை, எவ்வளவு பெரிய விடை! விலை உயர்ந்த கருவிகள் இருந்தால்தான் ஆராய்ச்சி என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கிண்ணங்களைத்தான் காட்டுவேன்.

அந்தச் செய்திப் பொருளைப் பிரித்தெடுக்கச் சில வருடங்கள் பிடித்தன. 1980களில் ஜெரமி சக்லத்வாலா என்ற விஞ்ஞானி அதைத் தூய்மையாக்கிப் பார்த்தார். அது இன்டர்லூக்கின்-1. டி.என்.எஃப். மணியும் அதே வேலையைச் செய்கிறது என்று 1986இல் அவரே காட்டினார்.

மணியைக் கேட்ட குருத்தெலும்புச் செல் இரண்டு காரியம் செய்கிறது. புது அக்ரிகன் செய்வதைக் குறைக்கிறது. அதே நேரத்தில் வெட்டும் நொதிகளைச் செய்து வெளியே விடுகிறது. முதல் வகை நொதி அக்ரிகனை வெட்டுகிறது, தண்ணீர்ப் பிடிப்பு போகிறது. இது வரைக்கும் பரவாயில்லை, மணி நின்றால் அக்ரிகனை மறுபடியும் செய்துகொள்ளலாம். அடுத்த வகை நொதி கொலாஜனை வெட்டுகிறது. அதற்குப் பிறகு திரும்பி வருவது கடினம். டென்மார்க் கணக்கை மறக்கவில்லையே?

சிக்குன்குனியா வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மணி மெல்ல மெல்ல நின்றுவிட்டது. வலி நீண்ட நாள் விடாதவர்களின் ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 அதிகமாக இருந்ததை 2011இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வைரஸ் போன பிறகும் மணி ஓயவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

சில பேருக்கு எந்தக் கிருமியும் கண்ணில் படாமலே மணி அடிக்கத் தொடங்கிவிடுகிறது, நிற்பதே இல்லை. அதற்கு முடக்குவாதம் என்று பெயர். நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இரண்டு கையிலும் விரல் மூட்டுகள், மணிக்கட்டு என்று சேர்ந்து வீங்கும். உன் வயதுப் பிள்ளைகளுக்கும் இதன் உறவுக்கார நோய் ஒன்று வருவதுண்டு. வகுப்பில் யாராவது ஒருவர் காலையில் நொண்டிக்கொண்டே வந்தால் சிரிக்காதே.

இந்த நோயில் ஒரு சிக்கல் இருந்தது. மூட்டுக்குள் ஒரு மணி இல்லை, பத்து இருபது மணிகள் சேர்ந்து அடித்தன. எதை நிறுத்துவது? ஒன்றை நிறுத்தினால் மற்றவை அடிக்குமே! பல விஞ்ஞானிகள் இது வீண் வேலை என்றுதான் நினைத்தார்கள்.

லண்டனில் இரண்டு பேர் அப்படி நினைக்கவில்லை. ஒருவர் மார்க் ஃபெல்ட்மன். இன்னொருவர் ரவீந்தர் மைனி, நம் பஞ்சாபின் லூதியானாவில் 1937இல் பிறந்தவர். நோயாளிகளின் மூட்டுச் சவ்விலிருந்து செல்களை எடுத்துக் கிண்ணத்தில் வளர்த்தார்கள். யாரும் தூண்டாமலே அவை பல மணிகளை அடித்துக்கொண்டிருந்தன. டி.என்.எஃப். என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளைக் கிண்ணத்தில் ஊற்றினார்கள். இன்டர்லூக்கின்-1ம் சேர்ந்து அடங்கிவிட்டது! அதாவது, டி.என்.எஃப். அடித்ததைக் கேட்டுத்தான் மற்றது அடித்தது. 1989இல் இதை வெளியிட்டார்கள்.

கிண்ணத்தில் சரி, மனிதருக்கு? 1992இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் முதல் சோதனை. இருபது நோயாளிகள், வேறு மருந்துகளுக்கு அடங்காத நோய். அவர்களுக்குக் காலையில் எழுந்ததும் மூட்டு விறைத்து மடங்காமல் இருக்கும் நேரம் நடுமதிப்பாக 180 நிமிடம். மூன்று மணி நேரம்! நீ எழுந்து, குளித்து, பள்ளிக்கூடம் போய், முதல் பாடம் முடிவது வரை விரலை மடக்க முடியாது என்றால் எப்படி இருக்கும்? மருந்து கொடுத்த ஆறாவது வாரத்தில் அது 5 நிமிடமானது. நான் இந்த எண்ணைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்வேன், சரியாகத்தான் படித்தேனா என்று.

ஆனால் மருந்தின் வேலை தீர்ந்ததும் நோய் திரும்பி வந்தது. மணி அடிப்பவரை அது ஒழிக்கவில்லை, சத்தத்தை மட்டும் மறித்தது. அதனால் இந்த ஊசியைத் தொடர்ந்து போட வேண்டும். விலையும் அதிகம். 2014 டிசம்பரில் அகமதாபாத்தின் சைடஸ் கடிலா நிறுவனம் அடாலிமுமாப் என்ற டி.என்.எஃப். தடுப்பு மருந்தின் நகலை உலகிலேயே முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது, மூல மருந்தைவிடப் பல மடங்கு குறைந்த விலையில். இருந்தாலும் பெரும்பாலோருக்கு ஊசி வரை போக வேண்டியதில்லை. மெதோட்ரெக்சேட் என்ற விலை குறைந்த மாத்திரையில்தான் மருத்துவர்கள் தொடங்குவார்கள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை அது.

இப்போது உனக்கு டி.என்.எஃப். மேல் கோபம் வந்திருக்கும். "அந்த மணியையே எல்லோருக்கும் பிடுங்கிப் போட்டால் என்ன?" என்று கேட்பாய்.

கேள். இந்த ஊசி போடும் முன் நம் மருத்துவர்கள் தவறாமல் ஒன்று செய்வார்கள். நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள், காசநோய்க்கான சோதனை செய்வார்கள். மூட்டு நோய்க்கு ஏன் நெஞ்சு எக்ஸ்ரே? நம் நாட்டில் பலருடைய உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. வெள்ளை அணுக்கள் அதைச் சூழ்ந்து அடைத்து வைத்திருக்கின்றன. அந்த அணுக்கள் கலையாமல் நிற்கக் காரணம் டி.என்.எஃப். மணி! அதை மறித்தால் காவல் கலையும், கிருமி எழுந்துவிடும். 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, இந்த ஊசிக்குப் பிறகு காசநோய் வந்த 70 பேரைக் கணக்கெடுத்துச் சொன்னது. அதன் பிறகுதான் சோதனை கட்டாயமானது. மூட்டில் வீட்டை இடிக்கச் சொல்லும் அதே மணி, நுரையீரலில் உயிரைக் காக்கிறது.

இனி உனக்கு ஒரு வீட்டுப்பாடம். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ மூட்டு வலி என்று சொன்னால், "காலையில் எழுந்ததும் விரலும் முட்டியும் எவ்வளவு நேரம் விறைத்துக் கிடக்கும்?" என்று கேள். வயதானவர்களுக்குப் பொதுவாக வரும் மூட்டுத் தேய்மானத்தில் அரை மணிக்குள் சரியாகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, விரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால், அது அழற்சியாக இருக்கலாம். முடக்கத்தான் தோசை எனக்கும் பிடிக்கும், பாட்டியோடு சேர்ந்து தாராளமாகச் சாப்பிடு. ஆனால் தோசையை நம்பி மாதங்களைக் கடத்தக் கூடாது. பேர் தெரியாத மூட்டு வலி மாத்திரையை வாங்கவும் விடாதே, சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஒரு வாரம் தினமும் காலையில் எத்தனை நிமிடம் என்று குறித்து வை. மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளை நீட்டு. லண்டனில் அந்த இருபது பேரிடம் கேட்டதும் இதே கேள்விதான்.